ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் கிராஃபிக்ஸ் கார்டு யுத்தம்: பொறுப்பில்லாமல் எழுதப்பட்ட சரித்திரம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ரோடும், தீராத ஒரு வழக்கும் உண்டு. வழக்கு எதைப் பற்றி என்பது மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தாக்கள் எந்த ஊர்க் காபி ஒசத்தி என்று மல்லுக்கட்டினார்கள். அப்பாக்கள் எந்த ஊர் தியேட்டரில் சவுண்டு நன்றாக இருக்கும் என்று சண்டை போட்டார்கள். பேரன்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு.

பொதுவாக ராஜபாளையம், புதுசு கட்சி. 1936-லேயே மில் ஓட்டிய ஊர். மில் நடத்திய ராம்கோ குழுமமே 1990-களில் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியும் வைத்தது. மெஷின் என்றால் லேட்டஸ்ட்டாக இருக்க வேண்டும் என்பது அங்கே பஞ்சோடு சேர்ந்து காற்றில் பறக்கிற கொள்கை. ஸ்ரீவில்லிபுத்தூர், பழசு கட்சி. பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவனிடம் போய், "போன வருஷ மாடல்லாம் அவுட்டேட்டட் மாப்ள" என்றால் அவன் சிரிக்காமல் என்ன செய்வான்? இந்த வழக்கை நடுநிலையோடு எழுத ஆள் கிடைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கற்காலம்

1981-ல் ஐபிஎம் கம்பெனி தன் பெர்சனல் கம்ப்யூட்டரோடு சிஜிஏ என்ற கார்டைக் கொடுத்தது. மெமரி 16 கேபி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூ அதற்குள் நுழையாது. 320-க்கு 200 புள்ளியில் நான்கே நான்கு வண்ணம். கறுப்பு, வெள்ளை, ஒரு மாதிரி நீலப்பச்சை, எந்தச் சேலைக் கடையிலும் விலைபோகாத ஒரு ரோஸ். மனிதனின் முகமா, தண்ணீரா, ஆகாயமா, எதுவாக இருந்தாலும் இந்த நாலுக்குள் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷமே போட்டி வந்துவிட்டது. தாய்லாந்துக்காரரான வான் சுவன்னுக்குல், தன் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தாய் எழுத்தில் அடிப்பதற்குத் தோதான கார்டு இல்லையே என்று தானே ஒன்று செய்தார். அதுதான் ஹெர்குலிஸ். வண்ணமே கிடையாது, ஆனால் 720-க்கு 348 புள்ளியில் எழுத்து பளிச்சென்று விழும். ஆக, கிராஃபிக்ஸ் கார்டு உலகின் முதல் யுத்தத்தில் ஒரு பக்கம் கலர், மறுபக்கம் தாய்மொழி. ஆபீஸ்காரர்கள் எல்லாம் கூட்டமாகப் போய் ஹெர்குலிஸ் பக்கம் நின்றார்கள். மொழிக்காக உயிரைக் கொடுப்போம் என்கிற நாம், கேம் என்றதும் கலர் பக்கம் நின்றோம்.

அப்போதெல்லாம் நம் பக்கம் கம்ப்யூட்டர் என்பது மில் ஆபீசிலும் கல்லூரி லேபிலும் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் கல்லூரி வந்தது 1984-ல். ஆண்டாள் சன்னதிக்கு அடுத்தபடியாக இந்த வட்டாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன இடம் கம்ப்யூட்டர் லேப்தான். உள்ளே போனால் பச்சை எழுத்தில் ஒரு கர்சர் கண் சிமிட்டும். அதைப் பார்த்துவிட்டு வந்தவன் ஒரு வாரம் தெருவில் தனி நடை நடப்பான்.

1987-ல் விஜிஏ வந்து 256 வண்ணம் கொடுத்தது. அதற்குப் பிறகு கேம்களில் டேவ் குதித்தான், பிரின்ஸ் வாள் சுழற்றினான். லேப் அசிஸ்டென்ட் வரும் சத்தம் கேட்டதும் எல்லோரும் சி புரோகிராம் எழுதினார்கள்.

வூடூ வம்சத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1990-களின் நடுவில் எஸ்3 கம்பெனி 'விர்ஜ்' என்று ஒரு 3டி கார்டு விட்டது. 3டியை வேகமாக்கும் என்று சொல்லி விற்றார்கள். சில கேம்களில் அந்தக் கார்டை நம்பாமல் புராசஸரிடமே வேலையைக் கொடுத்தால் அது சீக்கிரம் முடிந்தது. 'கிராஃபிக்ஸ் டீசெலரேட்டர்' என்று உலகமே பட்டப்பெயர் வைத்தது. புதுசு பழசைவிட மோசமாக இருக்க முடியும் என்பதற்கு முதல் சாட்சி இந்த விர்ஜ். ஸ்ரீவில்லிபுத்தூர் கட்சி இன்றைக்கும் வாதத்தை இதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

1996-ல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ வந்தது. 4 எம்பி மெமரி, வேகம் 50 மெகாஹெர்ட்ஸ். இதற்கு 3டி மட்டும்தான் தெரியும். சாதாரணத் திரைக்கு ஏற்கெனவே இருக்கும் பழைய கார்டும் வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து வூடூவுக்குள் நுழைத்து, அங்கிருந்து மானிட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த அப்பாவிடம் போய் இதை விளக்குவது? "ஏற்கெனவே ஒரு கார்டு இருக்குல்லடா?" "அது படிக்கிறதுக்குப்பா." "அப்ப இது?" இந்த இடத்தில் ஒரு வம்சத்தின் விற்பனையே படுத்துவிடும். நம் பக்கத்துப் பையன்களுக்கு வூடூ என்பது பத்திரிகையோடு வரும் சிடியில் பார்த்துப் பெருமூச்சு விட்ட பெயர்.

இதற்கு முன்பே அமெரிக்காவில் மூன்று பேர், சான் ஹோசே நகரத்து டென்னிஸ் என்ற ஓட்டலில் உட்கார்ந்து பேசிப் பேசி, 1993-ல் என்விடியா என்று ஒரு கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். நம்ம ஊர் ஓட்டலாக இருந்தால், "தம்பிகளா, சாப்பிட்டாச்சுன்னா எந்திரிங்க, ஆள் நிக்கிறாங்க" என்று சர்வர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்திருப்பார். உலகத்துக்கு அவர்களின் ஜீஃபோர்ஸ் கார்டே கிடைத்திருக்காது. அவர்களுடைய முதல் படைப்பான என்வி1, 1995-ல் வந்தது. ஊரெல்லாம் முக்கோணத்தை வைத்து 3டி வரையும்போது, இவர்கள் வளைவை வைத்து வரைந்தார்கள். மண்ணைக் கவ்வினார்கள். 1997-ல் ரிவா 128-ஓடு மரியாதையாக முக்கோணத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

3டிஎஃப்எக்ஸ் வீழ்ந்ததற்கான காரணங்களை எழுதுக. விடை: சிப் மட்டும் விற்று நிம்மதியாக இருந்தவர்கள், கார்டையும் நாங்களே செய்கிறோம் என்று எஸ்டிபி என்ற கார்டு கம்பெனியை வாங்கினார்கள். அதுவரை அவர்கள் சிப்பை வாங்கிக் கார்டு செய்தவர்கள் எல்லோரும் கோபித்துக்கொண்டு என்விடியா பக்கம் போனார்கள். கடைசியாக வூடூ5 6000 என்று நாலு சிப் வைத்து ஒன்று செய்தார்கள். அதற்குச் சுவரிலிருந்து தனிக் கரண்ட் கனெக்‌ஷன் வேண்டியிருந்தது. கடைக்கு வரும் முன்னாலேயே 2000 டிசம்பரில் ராஜ்ஜியத்தை என்விடியாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பரீட்சையில் பிட்

புதுசா பழசா என்று ஒப்பிடுவதற்குச் சோதனை வேண்டும் அல்லவா? அந்தச் சோதனையிலேயே காப்பி அடித்த கதை அடுத்தது. 2001-ல் ஏடிஐ கம்பெனியின் ரேடியான் 8500, க்வேக் 3 கேமில் நல்ல வேகம் காட்டியது. யாரோ ஒரு குசும்பன் கேம் ஃபைலின் பெயரை 'க்வேக்' என்பதிலிருந்து 'க்வாக்' என்று மாற்றி ஓட்டிப் பார்த்தான். வேகம் குறைந்தது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள், கேமின் பெயரைப் பார்த்துவிட்டுப் படத்தின் தரத்தைக் கமுக்கமாகக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தது.

என்விடியாக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 2003-ல் 3டிமார்க்03 சோதனையில் அவர்கள் டிரைவரும் கையும் களவுமாகப் பிடிபட்டபோது சிரிப்பு நின்றது. அந்தச் சோதனையில் கேமரா எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டியே தெரியும். கேமராவுக்குத் தெரியாத இடத்தை எல்லாம் டிரைவர் வரையாமலே விட்டிருந்தது. ஆக, ஸ்கோரைக் காட்டி யாராவது சண்டைக்கு வந்தால் ஸ்கோரை மட்டும் நம்பாதீர்கள். இதில் இரண்டு ஊரும் ஒத்துப்போகும்.

எம்பி கணக்கு

2003, 2004 வாக்கில் கார்டுகள் நம் பக்கம் வர ஆரம்பித்தன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பார்சலில் வரும். கடையில் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, நல்ல கார்டா ஒண்ணு காட்டுங்க."

"128 எம்பி இருக்கு, 256 எம்பி இருக்கு. எது வேணும் தம்பி?"

"எதுண்ணே நல்லா ஓடும்?"

"என்ன தம்பி கேள்வி இது? 256, 128-ஐவிடப் பெருசுல்ல?"

இந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. கார்டில்தான் தப்பு. மெமரி எத்தனை என்பது அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த மெமரிக்குப் போகிற பாதை 128 பிட்டா, 64 பிட்டா என்பது எங்கேயும் இருக்காது. பாதை பாதியாக இருந்தால், மெமரியை இரண்டு மடங்கு வைத்தும் புண்ணியமில்லை.

2002-ல் வந்த ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 இந்த வகையில் பெரிய கில்லாடி. பெயரில் 4 இருக்கும். 2001-லேயே ஜீஃபோர்ஸ்3-க்கு இருந்த பிக்சல் ஷேடர் இதற்குக் கிடையாது. 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேம் போட்டால், உன் கார்டு ஆகாது என்று சொல்லிவிட்டுக் கேம் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். உடனே நண்பன் ஒருவன் பென் டிரைவில் '3டி அனலைஸ்' என்று ஒரு மருந்து கொண்டுவருவான். அதில் நாற்பது கட்டங்கள். எதை டிக் அடிக்க வேண்டும் என்பது பரம ரகசியம். அதைத் தெரிந்தவனுக்கு டீ, பஜ்ஜி செலவு நம்முடையது. எல்லாம் டிக் அடித்து ஓட்டினால் இளவரசன் வருவான், சுவர் வராது. சுவர் வந்தால் இளவரசன் நகர மாட்டான்.

இதற்கிடையில் ராஜபாளையத்து மாப்பிள்ளை ஒருவன் புத்தம் புதுசாக ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 வாங்கினான். பெட்டியில் டைரக்ட்எக்ஸ் 9 என்று தங்க எழுத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளையிடம் இருந்தது முந்தின தலைமுறை ஜீஃபோர்ஸ்4 டிஐ 4200; அதுவும் யாரோ வைத்திருந்து விற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் கிலோ பால்கோவா பந்தயம் கட்டி, இரண்டிலும் 'நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்' ஓட்டினார்கள். பழசில் கார் வழுக்கிக்கொண்டு போனது. புதுசில் கார், ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்துவிட்டுத் திரும்பியது.

"டைரக்ட்எக்ஸ் 9 கேம் வரட்டும், அப்ப பாரு" என்றான் ராஜபாளையம்.

"வரட்டும் மாப்ள. அதுவரைக்கும் நீ லோடிங் ஸ்கிரீன் பாரு" என்றான் ஸ்ரீவில்லிபுத்தூர்.

டைரக்ட்எக்ஸ் 9 கேமும் வந்தது. எஃப்எக்ஸ் 5200-இல் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்தவர்கள் பழைய டைரக்ட்எக்ஸுக்கே செட்டிங்கை மாற்றிக்கொண்டார்கள். இதன் அண்ணன் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா இன்னும் பிரபலம், ஃபேன் சத்தத்துக்காக. இலை ஊதித் தள்ளும் மெஷின் மாதிரி இருக்கிறது என்று ஊர் சிரித்ததும், என்விடியாவே தன்னைக் கிண்டலடித்து ஒரு வீடியோ எடுத்து வெளியிட்டது. நல்ல வேளை, அந்தக் கார்டு ராஜபாளையம் பக்கம் அதிகம் வரவில்லை. அந்நியச் சத்தம் கேட்டால் விடாத நாய்கள் உள்ள ஊர்.

மக்களின் கார்டு

மேலே சொன்ன எதையும் வாங்காதவர்கள்தான் தமிழ்நாட்டில் பெரும்பான்மை. அவர்களுக்கு இன்டெல் கம்பெனி மதர்போர்டிலேயே ஒன்றை ஒட்டிக் கொடுத்தது. 2002-ல் வந்த 845ஜி போர்டில் இருந்ததன் பெயர் 'எக்ஸ்ட்ரீம் கிராஃபிக்ஸ்'. இந்தப் பெயரை வைத்தவர் மட்டும் பிரவுசிங் சென்டர் பக்கம் வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டார்.

அதில்தான் ஒரு தலைமுறையே வைஸ் சிட்டி ஆடியது. 640-க்கு 480, 16 பிட் கலர், ட்ரா டிஸ்டன்ஸ் அடிமட்டம். ட்ரா டிஸ்டன்ஸைக் குறைத்தால் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. எதிரே பஸ் வருவது, மோதிய பிறகே தெரியவரும். அதையும் பழகிக்கொண்டார்கள். அப்படி ஓட்டிப் பழகியவன் இன்றைக்கு மதுரை ரோட்டில் பைக் ஓட்டுவதைப் பார்த்தாலே தெரியும்.

2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. முதல்வர் படத்தோடு வந்த லேப்டாப்பில் இருந்ததும் ஒட்டிக் கொடுத்த அதே வகைதான். படிக்கக் கொடுத்தார்கள், பையன்கள் முதலில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஏற்றினார்கள். எந்த உயர்ரகக் கார்டாலும் செய்ய முடியாததை அது செய்தது: ஒரே வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கார்டு. ஒப்பிட்டுச் சண்டை போட வழியே இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே சமாதானம் நிலவிய ஒரே காலம் அது.

2012-ல் கரண்ட் கட் அந்தச் சமாதானத்தை முழுமையாக்கியது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. மில்லே நிற்கும்போது கேம் எங்கே ஓடுவது? அப்போது கார்டின் தரத்தை எடைபோட ஒரே அளவுகோல், யுபிஎஸ் கத்த ஆரம்பித்த பிறகு அது எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான். அந்தச் சோதனையில் மதர்போர்டில் ஒட்டிய கார்டுக்கே ஒவ்வொரு முறையும் முதலிடம்.

பெயர் மாற்றம் அலுவலகம்

நடுவில் என்விடியா ஒரு வித்தை கற்றது. 2007-ல் வந்த 8800 ஜிடி அருமையான கார்டு. அதையே 2008-ல் 9800 ஜிடி என்றார்கள். அதன் அண்ணன் 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ், 2009-ல் ஜிடிஎஸ் 250 ஆனது. உள்ளே இருந்தது ஒரே சிப் குடும்பம். 9800 வாங்கியவன் 8800 வைத்திருந்தவனைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டான். இரண்டு பேரும் சகலபாடிகள் என்று தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊரில் கிண்டிவிட்டு இந்தப் பெயரை ஒட்டினால் கேள்வி வரும். கார்டுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

2014-ல் ஜிடிஎக்ஸ் 970: 4 ஜிபி என்றார்கள். அதில் அரை ஜிபி மட்டும் நொண்டும் என்பது அடுத்த ஜனவரியில் அம்பலமானது. வழக்குப் போட்ட அமெரிக்கர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் தருவதாகச் சமாதானம் ஆனது. 2018-ல் ஜிடி 1030-இன் பெயரை மாற்றாமல் உள்ளே இருந்த மெமரியை மட்டும் டிடிஆர்4 ஆக்கினார்கள். நொடிக்கு 48 ஜிபி போன பாதையில் 16.8 ஜிபி போனது. அதாவது, புதுசாக வந்த 1030, பழைய 1030-யிடமே தோற்றது. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4080 12 ஜிபி என்று ஒன்றை அறிவித்து, ஊர் திட்டியதும் அதை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த ஜனவரியில் அதுவே 4070 டிஐ என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-க்குச் சமம் என்றார். ராஜபாளையத்தில் விசில் பறந்தது. அந்தச் சமத்துவத்தில் நான்கு படத்துக்கு ஒரு படத்தைத்தான் கார்டு நிஜமாக வரைகிறது; மீதி மூன்றை ஏஐ ஊகித்து நடுவில் செருகுகிறது என்பது பிறகு புரிந்தது. அதே 50 வரிசை, பழைய 32 பிட் ஃபிசிக்ஸ் வசதியையும் கைகழுவியது. 2009-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'மிரர்ஸ் எட்ஜ்' கேமில் கண்ணாடி உடையும் காட்சியில் அந்த வசதியைப் போட்டால், லட்ச ரூபாய்க் கார்டு திக்கித் திணறியது. பரணில் கிடந்த பழைய கார்டு அநாயாசமாக உடைத்தது. வருஷக் கடைசியில் சில கேம்களுக்கு மட்டும் அதை டிரைவரில் திருப்பிக் கொடுத்தார்கள்.

சூடிக்கொடுத்த கார்டு

செகண்ட் ஹேண்ட் விஷயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை யாரும் ஜெயிக்க முடியாது. பெரியாழ்வார் கட்டிய மாலையை ஆண்டாள் முதலில் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். ஆழ்வார் பதறிப்போய்ப் புது மாலை கொண்டுபோனால், பெருமாள் அவள் சூடியதுதான் வேண்டும் என்றார். யூஸ்டு ஐட்டத்துக்குப் பெருமாளே சிபாரிசு செய்த ஊரில், புதுசுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவன் எப்படிப் பிறப்பான்?

2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதுவரை ராப்பகலாக உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. "ஒரே கை, வீட்டு யூஸ், லேடீஸ் ஓட்டினது" என்கிற ரீதியில் விற்றார்கள். வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: பெருமாளுக்கு வந்த மாலை சற்று நேரம்தான் சூடப்பட்டது. ஃபேன் ஆட்டம் கண்டிருக்கிறதா, ஒரு மணி நேரம் கேம் ஓட்டினால் திரை நிற்கிறதா என்று கண்ணெதிரே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

தீர்ப்பு

ராஜபாளையம் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1996-ல் வூடூ வைத்த முதல் கார்டுகளில் ஒன்றான ஆர்க்கிட் ரைட்டியஸ் 299 டாலர். 2023-ல் ஆர்டிஎக்ஸ் 4060-உம் அதே 299 டாலர். அதற்கு 4 எம்பி. இதற்கு 8 ஜிபி, 2,048 மடங்கு. அது நொடிக்கு 5 கோடிப் புள்ளி போட்டது. இது கணக்குப்படி 11,800 கோடி போடும், 2,000 மடங்குக்கு மேல். டாலர் தேய்ந்ததையும் சேர்த்தால் புதுசு இன்னும் மலிவு. கால் நூற்றாண்டு இடைவெளியில் வைத்துப் பார்த்தால் புதுசு ஜெயிக்கிறது; சந்தேகமே இல்லை.

ஆனால் யாரும் கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை கார்டு வாங்குவதில்லை. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில்தான் நம் பர்ஸ் மாட்டிக்கொள்கிறது. அங்கேதான் பெயர் மாற்றமும் பிட்டும் நடக்கின்றன. இன்னொரு கணக்கும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட் வேண்டும். முழு வேகத்தில் தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் அது மட்டும் 138 யூனிட். 2025-ல் இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தந்த 100 யூனிட்டைக் கார்டே தின்றுவிட்டு, மேற்கொண்டு 38 யூனிட் கேட்கும். ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் இனிமேல்தான் கணக்கில் வரும். அம்மாவும் அப்போதுதான் வருவார். 115 வாட் 4060-க்கு இதே கணக்கு 28 யூனிட்டோடு முடிகிறது.

ஆகவே இரண்டு ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பு: ஒரே விலையில் ஐந்தாறு வருஷ இடைவெளி இருந்தால் புதுசை வாங்குங்கள். ஒரு வருஷ இடைவெளி என்றால், பழசின் மேல்வகுப்புக் கார்டு பெரும்பாலும் புதுசின் கீழ்வகுப்பை அடித்துவிடும், அதை வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணையும் ஜிபியையும் விட்டுவிட்டு, நீங்கள் ஆடப்போகும் கேமை உங்கள் மானிட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.